வான்வாயிலில் ஒரு பெயர்

(நெல்லைத் தமிழ்க் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு நாட்டிற்குள் நுழையும் அயலவர் முதற்கண் படிப்பது அந்நாட்டின் நூலையன்று. அதன் வாயிலில் எழுதிய பெயரையே! பண்டு அவ்வாயில் கடற்றுறையாய் இருந்தது. பொருநை கடலொடு கலந்த கொற்கையில் முத்து வாணிகம் செழித்தது. கிரேக்கர் தம் நூல்களில் அவ்வூர்ப் பெயரைப் பொறித்து வைத்தனர். இன்றோ வாயில் வானத்திற்கு ஏறிவிட்டது.

அவ்வான்வாயில்களுக்கு உலகத்தார் இட்டிருக்கும் பெயர்களைக் காண்மின்! பிரான்சு நாட்டார், 1974-இல் பாரிசில் திறந்த வானூர்தி நிலையத்திற்குத் தம் விடுதலைப் படைத்தலைவர் தெ கோலின் பெயரைச் சூட்டினர். 1963 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட கென்னடியின் பெயரை அடுத்த திங்களே நியூயார்க்கு நிலையம் தாங்கியது. ஆண்டோர்க்கு மட்டுமே அப்பேறு உரியது என்று எண்ண வேண்டா. உரோமை நகரில் ஓவியர் இலியோனார்தோ தா வின்சி நிற்கிறார். வார்சாவில் இசைவாணர் சோப்பின் நிற்கிறார். இலியோன் நகரத்து நிலையம், அந்நகரிலே பிறந்து, 1944-இல் தாம் ஓட்டிய வானூர்தியொடு மறைந்த எழுத்தாளர் செயிந்து எக்சுபெரியின் பெயரைப் பெற்றுள்ளது. கொல்கத்தா நிலையம் 1995-இல் சுபாசு சந்திரபோசின் பெயர் பெற்றது. சென்னையிலும் காமராசர், அண்ணா ஆகியோர் பெயர்கள் முனையங்களுக்கு உண்டு.

இனி, நம் பொருநை நாட்டிற்கு வருவோம். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வாகைக்குளம் என்னும் ஊர். வாகை வெற்றிப்பூ அன்றோ! அங்கே 1,350 மீட்டராய் இருந்த ஓடுதளம் 3,000 மீட்டராய் நீட்டப்பட்டது. ஏறத்தாழ 450 கோடி உருபாச் செலவில் புதிய முனையம் எழுந்து, 2025 சூலை 26-இல் திறக்கப்பட்டது. அன்றும் அந்நிலையம் ஊர்ப்பெயரொடு மட்டுமே நின்றது. இம்மண்ணின் மைந்தர் வ.உ.சிதம்பரனாரின் பெயரை இடுக என்ற மக்கள் குரல் செவியேறவில்லை.

யார் அச்சிதம்பரனார்? 1872-இல் ஒட்டப்பிடாரத்தில் தோன்றியவர்; வழக்கறிஞர். 1906-இல் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தோற்றுவித்து, வெள்ளையன் தனக்கே உரியதென்று தருக்கிய கடலில் தம் கப்பல்களை ஓட்டியவர். 1908-இல் ஆலைத் தொழிலாளர்க்காக நின்றார். மார்ச்சு 12-இல் சிறைப்பட்டார். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிக்கு நான்கு உயிர்கள் இரையாயின. நடுவர் பின்கே அவர்க்கு இரட்டை வாழ்நாள் ஒறுப்பு விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். 1912 திசம்பரில் வெளிவந்தபோது அவர் வளர்த்த குழுமம் அழிந்து போயிருந்தது. வறுமை வாட்டிய காலத்தும் அவர் தமிழை விட்டாரல்லர்: தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையைப் பதிப்பித்தார், திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார், மெய்யறம் இயற்றினார்.

அவர் பெயரை நாம் முன்பே பெற்று இழந்திருக்கிறோம் என்பதை மறவாதீர்! 1986-இல் நெல்லையினின்று பிரிந்த மாவட்டம் சிதம்பரனார் பெயரையே தாங்கியது. 1997-இல் போக்குவரத்துக் கழகமொன்றிற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் இடப்பட்டது. வெள்ளையனை எதிர்த்து உயிர்நீத்த அவ்வீரரின் பெயர் கொண்ட பேருந்தில் ஏறோம் என்றனர் சிலர். தமிழனைத் தமிழனே வெட்டிச் சாய்த்தான்! பூசலைத் தணிக்க, மாவட்டங்கள், கழகங்கள் அனைத்தினின்றும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. சிதம்பரனார் பெயரும் அவற்றொடு போயிற்று. நீக்கியது அரசே, நீக்கச் செய்தது எது? செயலைக் காணாது சாதியைக் கண்ட நம் கண்ணே! 2011-இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயர் பெற்றது மட்டுமே ஆறுதல்.

ஆதலின், கடல்வாயிலுக்கு வந்த பெயர் வான்வாயிலுக்கும் வருக எனக் கேட்போம், உரக்கவே கேட்போம். ஆயின், ஒருவர் தம் குலத்தார் என்று கேளாதீர்! தமிழர் என்று கேளுங்கள். பலகையில் அப்பெயர் தமிழெழுத்தில் முதலில் நிற்க வேண்டும். அதன்கீழ் நின்று, "இவர் யார்?" என அயலவன் வினவும்போது, நெல்லைச் சிறுவன் ஒவ்வொருவனும் தடுமாறாது விடையிறுக்க வேண்டும். அவ்விடையை இன்றே நம் இல்லத்தில் கற்பிப்போம். கற்பித்த பெயரை எவராலும் நீக்க இயலாது!

வெல்க தமிழ்!