தனி ஒதுக்கீடும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நூம்பல் வாழ் நம் பிள்ளைகள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வேலை நாடிச் செல்கின்றனர். அவர்களுக்கு ஆறுதலாக நாம் சொல்வது, "நமக்கு மூன்றரை விழுக்காடு இருக்கிறது" என்பதே. அதன் பயனையும், எவரும் எதிர்பாராத அதன் விளைவையும் இன்று சிந்திப்போமாக.

கலைஞர் மு. கருணாநிதி அவர்கள் முதல்வராக இருந்தபோது, 2007 செப்டம்பரில், பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டினுள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. லெப்பை, தக்கினி, அன்சார், ஷேக், சையத் உள்ளிட்ட ஏழு பிரிவினர் நம் பட்டியலில் உள்ளனர். நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. நன்றி மறத்தல் நமக்கு அழகன்று.

ஆனால் 2008இல் கிறிஸ்தவப் பெருமக்கள் தங்கள் பங்கு வேண்டாம் எனக் கேட்டுத் திருப்பி அளித்தனர். காரணம் யாது? முன்பு முழு 30 விழுக்காட்டிலும் போட்டியிட்டு, கல்வியின் வலிமையால் கூடுதல் இடங்களைப் பெற்று வந்தனர். தனிப் பங்கு தந்ததும் அதுவே எல்லையாயிற்று. உதவிக்கெனக் கட்டிய சுவர் தடையாயிற்று.

இப்பாடம் நமக்கும் உண்டு. 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சியில் நமக்குரியவை 7. பத்துப் பேரை மட்டும் எடுக்கும் அலுவலகத்தில் நம் முறை வராமலும் போகலாம். எஞ்சிய பிற்படுத்தப்பட்டோருக்குரிய 26.5 விழுக்காட்டில் நாம் போட்டியிட இயலாது. நமக்குத் திறந்திருக்கும் மற்றொரு வாசல் 31 விழுக்காடான பொதுப்போட்டியே. அவ்வாசலை நம் பிள்ளைகள் மறந்தால் இழப்பு நமக்கே.

மேலும், வேலைவாய்ப்பில் இச்சலுகை மாநில அரசுப் பணிக்கே உரியது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை மத்திய அரசைச் சார்ந்தது. அங்கு இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டில் நமக்கெனத் தனிப் பங்கு இல்லை, வருமான வரம்பும் உண்டு, சான்றிதழும் வேறு. அம்பத்தூரின் தனியார் நிறுவனங்களிலோ ஒதுக்கீடே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பொதுப்போட்டியில் முதன்மை மதிப்பெண் பெற்று வந்தவரையும், "கோட்டாவில் வந்தவர்" எனச் சக ஊழியர் கருதிவிடுகின்றனர். சொல்பவர் தவறிழைக்கிறார், சுமப்பவர் நம் பிள்ளை.

பெண்களுக்கும் இத்தகைய நிலை உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. நல்ல சட்டம். எனினும் ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் ஊதியச் சுமை முழுவதும் முதலாளி மீது விழுவதால், இளம் பெண்களை வேலைக்கு எடுக்கச் சிலர் தயங்குகின்றனர். நம்மில் கடையும் பட்டறையும் நடத்துவோர் இப்பாவத்தில் பங்கு கொள்ளலாகாது.

எனவே ஒதுக்கீடு வேண்டாம் என்கிறோமா? இல்லை. 2006இல் சச்சார் குழு அறிக்கை நம் பின்தங்கிய நிலையை நாட்டுக்கு எடுத்துரைத்தது. இது நமது உரிமை. ஆயினும் மார்க்கம் தரும் ஒரு பாடத்தை நினைவில் கொள்வோம். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது, தொழுகை நீங்கிவிடுவதில்லை. சலுகை சுமையைக் குறைக்கும், கடமையை அகற்றாது.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளைகளைப் பொதுப்போட்டியை இலக்காகக் கொண்டு ஆயத்தப்படுத்துங்கள். மாநிலச் சான்றிதழையும் மத்தியச் சான்றிதழையும் தேர்வு அறிவிப்பு வருமுன்னரே பெற்று வையுங்கள். இளைஞர்களே! ஜும்ஆவுக்குச் செல்ல மேலாளர் அனுமதித்தால், அந்நேர வேலை பக்கத்து இருக்கைக்காரர் தலையில் விழாதவாறு முன்பாகவோ பின்பாகவோ முடித்துக் கொடுங்கள். அந்த அமானிதமே நாளை வரும் நம் தம்பிக்கும் கதவைத் திறந்து வைக்கும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குத் திறமையையும் நேர்மையையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.