கடோபநிஷத்தில் முதல் பத்து மந்திரம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ரிட்டயர் ஆனபின் சமஸ்கிருதம் கற்று, கடோபநிஷத்தை மூலத்திலேயே படிக்கத் தொடங்கியிருக்கிறேன். "மொழிபெயர்ப்புதான் இருக்கே, போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சந்தி கஷ்டம் என்று பயமுறுத்தினார்கள். தமிழய்யாவிடம் புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு அது பெரிய பூதம் இல்லை. என்னை அசத்தியது இருமை. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே, இருவருக்கென்றே தனி உருவம். பாடத்துக்கு முன் சொல்லும் சாந்தி மந்திரத்தில் 'நௌ' என்று ஒரு குட்டிச் சொல் வருகிறது. 'நம் இருவரையும்' என்று பொருள். யார் இருவர்? ஆசிரியரும் மாணவரும். தமிழில் இருமை கிடையாது. ஆனால் நாம், நாங்கள் என்று பிரித்துச் சொல்லும் வசதி நம்மிடம் உண்டு, சமஸ்கிருதத்தில் இல்லை. கணக்கு சரியாப் போச்சு!

அடுத்து ஒரு சொல்லில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். நசிகேதஸின் தகப்பனார் யாகம் செய்து பசுக்களைத் தானம் கொடுக்கிறார். எல்லாம் பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். அதைப் பார்த்த சிறுவனுக்குள் 'சிரத்தா' புகுந்தது என்கிறது மூலம். "சிரத்தையாப் படிடா" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அது அக்கறை, கவனம். சங்கரர் உரையிலோ அது ஆஸ்திக்ய புத்தி, அதாவது 'உண்டு' என்கிற உறுதி. தெரிந்த சொல்தானே என்று தாண்ட முடியவில்லை. சிராத்தம் என்பதும் இதிலிருந்து வந்ததுதான். என் தகப்பனாருக்கு இருபத்தாறு வருஷமாகச் செய்து வருகிறேன். சாஸ்திரிகள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வேன், அவ்வளவுதான். போன வருஷம்தான் அந்தப் பெயரே எனக்குக் காதில் விழுந்தது என்று சொல்லலாம்.

உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன் என்று கோபத்தில் சொன்ன தகப்பன் அவர். அந்த எமனே மூன்று வரம் தருகிறேன் என்றபோது, பையன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அப்பாவின் கோபம் தணிய வேண்டும், அவர் மனசு அமைதியாக வேண்டும். சாவுக்குப் பின் என்ன என்ற பெரிய கேள்வியெல்லாம் மூன்றாவது வரத்தில்தான்.

என் தகப்பனாரும் கோபக்காரர். குடும்பத் தொழிலை விட்டு நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்தாவது மந்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூட்டிய அன்று, மேலே ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

உபநிஷத்தில் மொத்தம் ஆறு வல்லி. நான் இன்னும் முதல் வல்லியில்தான் இருக்கிறேன். மூன்றாவது வரத்துக்கு இன்னும் பத்து மந்திரம் போக வேண்டும்.