செவிக்குத் துணையாகும் சிறு நாய்



சமணப் பள்ளி விளங்கிய இத்திருப்பாதிரிப்புலியூரில் நின்று நாயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதியதையும், அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கு உதவியதையும் சிந்தாமணியில் கற்றவர்கள் நாம்.

இங்கிலாந்தில் 1982 முதல் செவி கேளாதோர்க்கென நாய்களைப் பயிற்றும் அமைப்பு ஒன்று உள்ளது. மினியேச்சர் பூடில் போன்ற சிறு நாய்களும் அதில் உண்டு. வாயில்மணியோ கடிகார மணியோ ஒலித்தால் நாய் தன்னை உடையவரைத் தொட்டு, ஒலி எழும் இடத்திற்கு அழைத்துச் செல்லும். தீ அபாயமணி ஒலித்தால் அங்கே அழைத்துச் செல்லாது. தொட்டபின் தரையில் படுத்து அபாயம் உணர்த்தும்.

இவ்வாறு வேலை வாங்குவது இம்சையன்றோ என வினவுவீர்கள். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள். சிறு நாயைச் சக்கர நாற்காலி இழுக்கச் செய்தல் மிகுசுமை. அழகுக்காக வால் நறுக்குதலும் குற்றமே. ஒலி கேட்டு உணர்த்துதலோ அதன் இயல்புக்கு உட்பட்டது. அடியின்றி, தின்பண்டம் கொடுத்தே பழக்கலாம்.

சிதம்பரத்திலிருந்து செவி கேளா மூதாட்டி ஒருவர் தம் நாயுடன் நம் விழாவிற்கு வந்தால், வாயிலிலேயே விரட்டிவிடாதீர்கள். ஜினாலயத்தினுள் நாய் புகலாகாது என்பீராயின், மண்டபத் திண்ணையில் அதற்கு நிழலும் நீரும் வையுங்கள். அம்மையாருடன் உள்ளே துணைக்கு ஒருவரை அனுப்புங்கள்.