எந்தப் புத்தகம்? பிள்ளையே எடுக்கட்டும்

சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்தார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. பள்ளிப் பிள்ளையும் வாசகர்தானே!

2023-இல் வந்த தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், எட்டாம் வகுப்புப் பையன் 'நுழை' புத்தகத்தை எடுத்தால், "இது சின்னப் பிள்ளைகளுக்குடா" என்று பிடுங்கிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டியாவது கடைசிப் பக்கம்வரை போய்விடுவான்.

பாடப்புத்தகத்தைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும், அது வேண்டியதுதான். ஆனால், ஆழ்வார்குறிச்சி ஆசிரியர்களே, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே, வாரத்தில் ஒரு பீரியடாவது கதைப் புத்தகப் பீரோவைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள்.