ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழைய கார்



பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலைக்கு வாங்கி, வார ஓய்வு நாட்களில் நாமே செப்பனிட்டு ஓட்டுவதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். எவ்வாறு செப்பனிடுவது என்பதன்று என் பேச்சின் பொருள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே பொருள். ஏனெனில், இந்தக் காரியத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வண்டியை வாங்குகிற அன்றே தீர்மானமாகிவிடுகின்றன.

பெங்களூரிலுள்ள ரிச்சர்ட்ஸ் டவுனை நிலைக்களனாக வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதியின் ஓர் அங்கம் அது. சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், கைவினைஞர்கள், வணிகர்கள் ஆகியோரின் வழிவந்த தமிழர்கள் அப்பகுதி நெடுகிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1947-இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. படைகள் போயின, பெயர்கள் நிலைத்தன. பூங்காவைச் சுற்றியிருந்த பழைய பங்களாக்களுள் பல இன்று அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. எனினும், எஞ்சியுள்ள முற்றங்களிலே தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதை ஆங்காங்கே காணலாம். அவற்றுள் சில ஞாயிறுதோறும் வெளியே வந்து ஊர் சுற்றுகின்றன. வேறு சிலவோ பல்லாண்டுகளாக அசையவே இல்லை. ஏறக்குறைய ஒரே ஆசையோடு வாங்கப்பட்ட இவ்விருவகை வண்டிகளுக்கும் இடையே இத்தனை வேற்றுமை ஏன் ஏற்பட்டது? பணமின்மை மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் படைத்தோர் வீட்டிலும் தார்ப்பாய் விலகாத கார் உண்டு. வேலைக்கும் ஓய்வுக்கும் உள்ள கணக்கைப் பாராது வாங்கியதே பெரும்பாலும் காரணமாகும்.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமைகள். பண்டிகை, திருமணம், ஊர்ப்பயணம், உடல் நலக்குறைவு இவற்றுக்கு 17 நாட்களைக் கழித்தால் மிஞ்சுவன 35. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்தாலும் ஆண்டுக்கு 140 மணி நேரமே நம் கைக்குக் கிட்டும். துருப்பிடித்த காரொன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து முழுமையாகப் புதுப்பிக்க ஆயிரம் மணி நேரம் ஆவது அரிதன்று. அப்படியானால் ஏழு ஆண்டுகள்! வேலையைத் தொடங்குகையில் எட்டு வயதுப் பையனாக அருகில் நின்று திருப்புளி எடுத்துக் கொடுத்த மகன், வண்டி புறப்படுகையில் பதினைந்து வயதுக் காளையாகித் தன் நண்பர்களோடு வெளியே போய்விட்டிருப்பான். ஆகவே, நாம் விலைக்கு வாங்குவது காரையன்று. அக்காரில் மிஞ்சியிருக்கும் வேலையையே வாங்குகிறோம். இந்த ஒன்றை மறவாதிருந்தால் மற்றவை தாமே விளங்கும்.

நம் நாட்டில் கிடைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எம்.ஜி., டிரையம்ப் போன்ற ஆங்கில நாட்டு இருவர் வண்டிகள். அழகு மிக்கவை, அவற்றுக்கான உதிரிப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆயின் ஒவ்வொன்றும் கப்பற்கூலியும் சுங்கவரியும் செலுத்தியே வந்து சேரவேண்டும். இரண்டாவது வகை, பெங்களூரைச் சார்ந்த சான் மோட்டார்ஸ் நிறுவனம் கோவாவில் உருவாக்கிய சான் ஸ்டார்ம் என்னும் சிறிய திறந்த கார். இது கண்ணாடியிழையாலான உடலும் 1.2 லிட்டர் ரெனோ எஞ்சினும் கொண்டது. உடல் துருப்பிடிக்காது என்பது பெரும் வசதி. ஆனால் உற்பத்தி நின்றுவிட்டது; செய்யப்பட்டவையோ மிகச் சில. ஒரு கதவோ கண்ணாடியோ உடைந்தால் அதற்கு ஈடான பொருளைத் தேடி நெடுநாள் அலைய நேரிடும்.

மூன்றாவது வகையைச் சொன்னால் சிலர் வியப்படையக்கூடும். அதுதான் நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. குடும்பக் கார் எப்படி ஸ்போர்ட்ஸ் காராகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, அதன் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

இத்தாலியச் சிற்பி ஜோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்த டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் சேஸிஸையே குறுக்கி, அதன்மேல் இருவர் அமரும் திறந்த உடலைப் பொருத்தி 1962-இல் வெளியிட்டதுதான் புகழ்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஆகவே ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் குடும்பஸ்தன், தம்பி உல்லாசி. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் இந்த ஹெரால்டைச் செய்தளித்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளத்திலே நடைபெற்ற மோட்டார்ப் பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் உறுமிக்கொண்டு ஓடியதைக் கண்டவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர்.

ஓய்வு நாள் உழைப்புக்கு ஹெரால்டு ஏற்றதென்று கூற அதன் அமைப்பே காரணம். முன்புற மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே பாளமாக அமைந்த அதன் பானெட் முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். எஞ்சினும் முன் சக்கரங்களின் இணைப்புகளும் கிணற்றடித் துணி போலக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். உடல் தனி, சேஸிஸ் தனி. உடற்பகுதிகள் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. 948 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினில் மின்னணுச் சாதனம் ஏதுமில்லை. ஒரு நல்ல ஸ்பானர்த் தொகுதியும், பொறுமையும், குறிப்பேடும் இருந்தால் சாதாரண மனிதரும் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். அதன் பின் அச்சின் ஊசலாடும் அமைப்பினால், வேகமாக வளைவில் செல்கையில் திடீரெனக் காலை எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ பின் சக்கரம் உள்வாங்கி வண்டி நிலை தவறக்கூடும். பெயரில் ஸ்போர்ட்ஸ் உறவு உண்டென்பதற்காக நந்தி மலைப் பாதையில் வித்தை காட்டலாகாது.

இனி வண்டியைப் பார்வையிடும் முறை. நம்மில் பலர் முதலில் எஞ்சினை முடுக்கச் சொல்லி அதன் ஓசையில் மயங்குகிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பார்க்கவேண்டியது காகிதம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று காண்க. மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொள்வது உத்தமம். விற்பவர் பெயரும் புத்தகத்திலுள்ள பெயரும் வேறாயின், அல்லது உரிமையாளர் காலமாகி வாரிசுகள் பெயர் மாற்றம் செய்யாதிருந்தால், அச்சிக்கல் தீரும்வரை முன்பணம் கொடுக்கலாகாது. எஞ்சினை மாற்றலாம், காணாமற்போன காகிதத்தை எந்த லேத்துப் பட்டறையிலும் கடைந்தெடுக்க முடியாது.

இரண்டாவது, சேஸிஸும் உடலும். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவின் கீழ்ப்பகுதியிலும் மட்கார்டு ஓரங்களிலும் காந்தம் ஒட்டாது வழுக்கினால், அங்கே இரும்புக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்களென்று பொருள். பளபளக்கும் புதுப்பெயின்ட் பல குற்றங்களை மறைக்கும். ஹெரால்டில் சேஸிஸின் பக்கக் கைகளையும், படிக்குக் கீழுள்ள பகுதியையும் திருப்புளியால் அழுத்திப் பார்க்கவேண்டும். கடற்காற்றில் பல்லாண்டு நின்ற சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி வண்டிகளைவிட, பெங்களூர், கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கூரையடியில் நின்ற வண்டிக்குத் துரு குறைவாயிருக்கும். மூன்றாவது, முழுமை. கண்ணாடி, விளக்கு வளையம், கைப்பிடி, வேகமானி போன்ற சிறு பொருள்களே பிற்காலத்தில் பெருந்துன்பம் தருவன. எஞ்சினை நான்காவதாகவே பார்க்கலாம். அது களைத்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. பெங்களூர் தொழில் நகரம். ஜே.சி. சாலையில் உதிரிப் பாகக் கடைகளும், சிவாஜிநகரில் பழைய பாகங்களைப் பிரித்து விற்போரும், சிலிண்டரைக் கடைந்து தரும் பட்டறைகளும் உண்டு.

இவை நான்கும் தேறிய பின்னர் ஒரு விதி: ஓடுகிற வண்டியையே வாங்குங்கள். பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கும் கார் மலிவாய்க் கிடைக்கும்; அந்த மலிவுக்குக் காரணமும் உண்டு. ஓடும் வண்டியில் ஒரு மாதம் பிரேக், மறுமாதம் மின்கம்பிகள் என்று சிறிது சிறிதாகச் செப்பனிடலாம். 140 மணி நேரத்தில் அது நம்பத்தக்க வண்டியாகிவிடும்; இடையிடையே ஓட்டியும் மகிழலாம்.

இக்காலத்துக்குரிய சில செய்திகளையும் கூறவேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. அதற்கு முன் செய்யப்பட்ட எஞ்சின்களைத் திறக்கும்போது, வெளிவால்வு அமரும் இடங்களில் கடினமான வளையங்களைப் பொருத்துவது நலம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியுள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் தோலையும் அது அரித்து இளக்கிவிடும். வாங்கிய முதல் வாரமே பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். வேறெதையும் தள்ளிப்போடலாம், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவதைத் தள்ளிப்போட முடியாது. மேலும், பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்திருக்கும். சென்னையில் சரியாய் ஓடிய கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை மிகுதியாய்க் கொடுத்துக் கரும்புகை விடுமாயின், எஞ்சின் கெட்டதென்று எண்ணவேண்டாம். கலவையைச் சற்றுத் திருத்தினால் போதும்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குச் சட்டமும் முக்கியம். ஊரில் தந்தையாரோ மாமாவோ விட்டுச்சென்ற காரைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள எண்ணுவோர் பலர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்றும், அந்த மாநிலத்தின் வரியும் வேண்டும். சொந்தக் காரின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு சோதனைக்குட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிவிதி வந்துள்ளது. அதன்கீழ்ப் பதியப்படும் வண்டி அன்றாடப் பயணத்துக்கு உரியதன்று. அதன் சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றியமைத்திருக்கவும் கூடாது. ஹெரால்டுக்குள் புதுக்கார் எஞ்சினைத் திணித்துவிட்டால் அந்தத் தகுதியை இழக்க நேரும். இவற்றையெல்லாம் விசாரித்து வரிக்கணக்கையும் சேர்த்துப் பார்த்தபின்னரே விலை பேசுக.

பணத்துக்கு ஓர் எளிய வரம்பு உண்டு. வண்டியின் விலைக்கு ஈடான மற்றொரு தொகையைத் தனியே எடுத்துவைக்க இயலுமானால் வாங்குங்கள். இயலாதெனில் அதில் பாதி விலையுள்ள வண்டியைத் தேடுங்கள். அந்தத் தொகை பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவோ ஊரில் மருத்துவம் பார்க்கும் தாயாரின் பணமாகவோ இருக்கலாகாது. மனைவியின் மனமொப்புதலும் ஒரு பாகம். அது எந்தக் கடையிலும் கிடைக்காத உதிரிப் பாகம்!

உயிர் காக்கும் விதி ஒன்றும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் புகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள்மேல் வண்டியை இறக்கிய பின்னரே கீழே செல்லுங்கள். செங்கல்லை அடுக்கித் தாங்கவைப்பது கூடவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடுமாதலால், அவற்றின் தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

இவ்வளவு கணக்கும் எச்சரிக்கையும் வேண்டிய ஒரு பொழுதுபோக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெளி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையின் பேச்சாகச் சுருங்கிவிட்டது. மரை, துரு, பல்சக்கரம், சாணை, நெம்புகோல் என்னும் சொற்களை அவர்கள் புத்தகத்தில் படித்தாலும் கையால் அறிந்ததில்லை. தந்தையும் மகளும் ஒரு காலைப்பொழுது முழுதும் ஒரு போல்ட்டைக் கழற்றப் போராடும்போது, அந்தச் சொற்கள் எண்ணெய்க் கறையோடு கையில் ஒட்டிக்கொள்கின்றன. வண்டலூரில் தமிழ்த் தொழிலாளர் பூட்டிய போல்ட்டை அறுபது ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் ஒரு தமிழ்க் குழந்தை கழற்றுகிறது என்றால், அதுவும் ஓர் உறவுதானே! அந்த உறவு தார்ப்பாய்க்குள் உறங்கிப்போகாமல் சாலையில் ஓடவேண்டுமானால், சக்திக்கு ஏற்ற வண்டியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.