பருவம் அறிந்து போற்றுதல்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில், பத்துப் பருவம் கொண்ட பிள்ளைத்தமிழைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. வண்டியூர்க்காரர்க்கு அது சொந்த ஊர்ச் செய்தியும் ஆகும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெட்டுவித்த திருமலை நாயக்கர் காலத்தில்தான், 17ஆம் நூற்றாண்டில், குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் மதுரையில் அரங்கேறியது. அந்த அவையில் சிறுமி ஒருத்தி நுழைந்து, மன்னர் மடியில் அமர்ந்து, அவர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்து மறைந்தாள் என்பது வழிவழிச் செய்தி. அவள் மீனாட்சியே என்பர் அடியார். அரசவை ஒரு குழந்தைக்கு வழிவிட்டது என்பதும் அதனுள் அடங்கிய செய்தி.

பிள்ளைத்தமிழ் குழந்தையை உற்றுநோக்கியவர் வகுத்த இலக்கியம். பாட்டியல் நூல்கள் பருவங்களுக்கு மாதக்கணக்குக் கூறுகின்றன. கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு. 5ஆம் திங்களில் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. 9ஆம் திங்களில் இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டை ஒட்டித் தளர்நடை பயில்வது வருகை. செங்கீரைக் குழந்தையைப் புலவர் நடக்கச் சொல்வதில்லை. முத்தத்தையும் பறித்துக்கொள்வதில்லை, வேண்டிக் கேட்கிறார். அம்புலிப் பருவத்தில் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயமும் வருகின்றன. அவை நிலவின்மேல் செல்வன. குழந்தையின்மேல் ஒன்றும் செல்வதில்லை. பருவம் அறிந்து, அப்பருவத்திற்கு உரியதை மட்டும் வேண்டுவதே குழந்தைக்குச் செய்யும் மரியாதை என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

இக்கருத்தைப் பிறிதொரு வழியில் கண்டவர் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கிச் சிறுவர் பள்ளி நடத்தினார். குழந்தை தானே முயலும் செயலில் பெரியவர் தேவையின்றிக் குறுக்கிடலாகாது என்பது அவர் கல்விமுறையின் அடிப்படை.

மரியாதை செலுத்துதற்கு முதலில் குழந்தை உயிரோடும் உடல்நலத்தோடும் இருத்தல் வேண்டும். இத்துறையிலும் மதுரைச் சீமைக்கு ஓர் இடம் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதன்முதலில் கால்கொண்டது மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். 6 முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் ஊரிலேயே எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டனர். கோடு மேலே ஏறாது தேங்கினால் அக்குழந்தைக்குச் சத்துணவும் தாய்க்கு அறிவுரையும் கிடைத்தன. கவனிக்கத்தக்கது இது: அடுத்த வீட்டுப் பிள்ளையின் எடையை வைத்து எவரும் குழந்தையை இகழவில்லை. அதன் முன்மாத எடையே அதற்கு அளவுகோல். புலவர் மாதக்கணக்கில் பாடினார். ஊட்டச்சத்துப் பணியாளர் மாதக்கணக்கில் எடைபோட்டார்.

சோற்றைப் போலவே சொல்லும் உணவுதான். முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக விரைந்து வளர்கிறது. 'ங்கா' என்னும் ஒலிக்குத் தாயோ பாட்டியோ முகம் பார்த்து மறுமொழி தரும்போது மொழி வேர்விடுகிறது. இன்றோ பல வீடுகளில் குழந்தையின் முன் கைப்பேசி ஒளிர்கிறது, தாலாட்டு ஓய்ந்துவிட்டது. மூன்று வயதுக் கையில் எழுதுகோலைத் திணித்து, எழுத்து வளைந்ததென்று கடிவோரும் உளர். சப்பாணிக்கு உரிய கையை ஓலைக்கு இழுப்பது போன்றது அது. 2019இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அவை பாட்டும் விளையாட்டுமாய்த் திகழ்வதும், ஏட்டுச் சுமையாய் மாறுவதும் பெரியவர் மனப்பாங்கைப் பொறுத்தவை.

இங்குதான் கவிஞர்க்கு வேலை இருக்கிறது. குழந்தைகளைப் பற்றிப் பெரியவர் படித்து மகிழும் கவிதைகள் ஏராளம். குழந்தையின் காதுக்கென்று, அதன் திங்களுக்கேற்ற ஓசையோடு எழுதப்பெறுபவை குறைவு. தவழும் குழந்தைக்கு ஒரு பாட்டு, கைகொட்டும் குழந்தைக்கு ஒரு பாட்டு, தெப்பம் பார்க்கத் தந்தையின் தோளேறும் குழந்தைக்கு ஒரு பாட்டு என வட்டத்தின் உறுப்பினர் ஆளுக்கொன்று எழுதலாம். அவற்றை அங்கன்வாடியிலே பாடிக் காட்டலாம். குழந்தை கைகொட்டினால் அப்பாட்டு நிற்கும். முகம் திருப்பிக்கொண்டால் பாட்டைத்தான் திருத்த வேண்டும். இவ்வரங்கேற்றத்தில் தீர்ப்பளிக்கும் உரிமை குழந்தைக்கே உரியது.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக இது மலர்க.