வீட்டில் மூத்திர டியூபோடு ஒருவர் இருந்தால்



பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீர் இறங்காமல் துடித்த பெரியவர் - இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, ஒரு பையையும் மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு நர்ஸ் வேலை உங்களுடையது. பயப்படாதீங்க, கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

அந்த டியூபுக்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். அதன் நுனியில் ஒரு சின்ன பலூன் உண்டு. டியூப் சிறுநீர்ப்பைக்குள் போனதும் பலூனில் சுமார் 10 மில்லி சுத்தமான நீர் ஏற்றுவார்கள். அதனால்தான் அது நழுவாமல் நிற்கிறது. பிடித்து இழுத்தால், பலூன் உப்பியபடியே வந்து நீர்ப்பாதையைக் கிழித்துவிடும். ஆகவே டியூபைக் கொஞ்சம் தளர்வு விட்டு, தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வையுங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கட்டில் சட்டத்தில் தொங்கவிடுங்கள். தரையில் படக்கூடாது, சுவர் ஆணியிலும் மாட்டக்கூடாது. வீட்டில் எல்லாம் சரியாகச் செய்கிறவர்கள்கூட பஸ் ஏறும்போது தவறிவிடுகிறார்கள். மற்றவர் பார்ப்பார்களே என்று பையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொள்கிறார்கள். பையில் கிடந்த நீர் திரும்ப உள்ளே போனால் கிருமியும் கூடவே போகும். துண்டால் மூடுங்கள், ஆனால் பை காலடிப் பக்கம் தொங்கட்டும்.

டியூபைத் தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தினமும் டியூப் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால், மஞ்சள், வேப்பெண்ணெய் ஒன்றும் வேண்டாம். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவிவிட்டு, மறக்காமல் பழையபடி முன்னால் கொண்டுவந்து விடுங்கள். மறந்தால் அங்கே வீங்கி இறுகிவிடும்.

இதை யார் செய்வது? மாமனாருக்கு மருமகள் செய்யக் கூச்சப்படுவாள், அவருக்கும் கூச்சம்தான். மகன் வயலுக்குப் போய்விடுகிறார். கடைசியில் யாரும் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள். ஐயா, காலையில் பத்து நிமிஷம் நீங்கள் ஒதுக்குங்கள். உங்கள் அப்பாதானே! பையைக் காலி செய்வதை அம்மா பார்த்துக்கொள்ளட்டும். பாதிக்கு மேல் நிரம்பினாலே கீழ்க் குழாயைத் திறந்து வடித்துவிடலாம். பையையும் டியூபையும் சும்மா சும்மா பிரிக்காதீர்கள்.

பை நிரம்புதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். டாக்டர் தடுக்காதவரை நாளைக்கு 2 லிட்டராவது குடிக்கட்டும். மலச்சிக்கல் வந்தாலும் டியூப் அடைபடும். கீரை, பழம் கொடுங்கள்.

நீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மருந்துக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். டியூப் ஒரு மாதம் இருந்தாலே அநேகமாக எல்லோர் நீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், புத்தித் தடுமாற்றம், சீழ், ரத்தம் - இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பையில் சில மணி நேரமாக நீரே விழவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால், முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரி செய்தும் இறங்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

புருஷன் பெண்டாட்டியில் ஒருவருக்கே டியூப் இருந்தால், சேர்ந்து இருக்கலாமா என்ற கேள்வி மனசில் இருக்கும். டியூப் இருந்தும் அதற்கு வழி உண்டு. நர்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

டியூபை மாற்றும் தேதி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். ரப்பர் டியூப், சிலிக்கான் டியூப் இரண்டுக்கும் கெடு வேறு வேறு. அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். போகும்போது, டியூப் இனியும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.